முதலில் சுட்டது யார்?

(மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

காலை எட்டு மணிக்கு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் மேலூர் வண்டிக்காக நிற்கும் நம் கல்லூரி மாணவர்களைப் பேராசிரியப் பெருமக்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். தலை குனிந்திருக்கும். கையில் செல்போன் இருக்கும். இரண்டு கட்டைவிரல்களும் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். பருவத் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்று யாரேனும் எண்ணியிருந்தால் அந்த நல்லெண்ணத்துக்கு எங்கள் நன்றி. உண்மையில் அவர்கள் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஆகவே இக்கட்டுரையைக் கண்டனமாகவும் கொள்ள வேண்டாம், விளம்பரமாகவும் கொள்ள வேண்டாம். ஆடுகிறவர்கள் தாங்கள் ஆடும் ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள், அதில் எது மெய், எது தோற்றவனின் புலம்பல் என்று ஓராண்டாகக் காது கொடுத்துக் கேட்டு, என்னால் இயன்ற அளவு இயற்பியலின் துணையோடு ஆராய்ந்ததையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். விண்வெளியை வைத்துச் சுடும் ஆட்டம் இன்று நேற்று வந்ததன்று. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மாணவர்கள் பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறியில் இரண்டு விண்கலங்களை ஒன்றையொன்று சுடவைத்து 'ஸ்பேஸ்வார்' ஆடினார்கள். 1978இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். வரிசையாக இறங்கிவரும் வேற்றுக் கிரகத்தாரைச் சுட வேண்டும். சுடச்சுட எஞ்சியவர்கள் வேகம் கூடும். இதை அவர் வேண்டுமென்று வைக்கவில்லை. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையக்குறைய அந்தக் காலத்துச் சிறு கணிப்பொறிக்குச் சுமை குறைந்தது, அதனால் ஓட்டம் கூடியது. அது சுவையாக இருக்கவே அப்படியே விட்டுவிட்டார். பொறியின் குறையே ஆட்டத்தின் அழகாயிற்று. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதன் மறுபக்கம் வரும்.

நம் நாட்டுக்கு வருவோம். 2020 செப்டம்பரில் 'பப்ஜி மொபைல்' தடைசெய்யப்பட்டது. 2021 ஜூலையில் அது இந்தியாவுக்கென வேறு பெயரில் வந்து, 2022 ஜூலையில் மறைந்து, 2023 மே மாதத்தில் திரும்பியது. இடையில் 2022 பிப்ரவரியில் 'ஃப்ரீ ஃபயர்' போயிற்று. இப்படி வருவதும் போவதுமாக இருந்த நிலையில் பூனா நகரத்து 'சூப்பர்கேமிங்' நிறுவனம் 2024 அக்டோபர் 16 அன்று 'இண்டஸ் பேட்டில் ராயல்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இண்டஸ் என்றால் சிந்து. சிந்துவெளி நாகரிகம் அழியாமல் வளர்ந்து விண்மீன்கள் வரை பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கற்பனை. 'விர்லோக்' என்ற தீவில் வீரர்கள் இறங்கி, ஆயுதம் தேடி, கடைசி ஆளாக மிஞ்ச வேண்டும். அல்லது ஆட்டத்தின் இறுதியில் தோன்றும் 'காஸ்மியம்' என்ற அரும்பொருளைக் கைப்பற்றியும் வெல்லலாம். தன்னைக் கொன்றவனைக் குறித்து வைத்துக்கொண்டு மறுமுறை தேடிப் பழிதீர்க்க 'கிரட்ஜ்' என்று ஓர் ஏற்பாடும் உண்டு. வஞ்சம் என்று தமிழில் சொல்லலாம். மதுரைக்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கருத்துகள் பல. "நம்ம ஊர் ஆட்டம்டா" என்று மகிழ்ந்தவர்கள் ஒரு சாரார். "சண்டைன்னா சண்டை, இதுல நாகரிகம் எதுக்கு?" என்றவர்கள் இன்னொரு சாரார். கடைசி ஆளாக மிஞ்சாமலே காஸ்மியத்தால் வெல்லலாம் என்பதைப் பதுங்கிப் பதுங்கி ஆடுகிறவர்கள் மெச்சினார்கள். பாய்ந்து ஆடுகிறவர்கள் வெறுத்தார்கள். நான் பதுங்குகிற சாதி. ஆகவே என் தீர்ப்பை யாரும் நடுநிலை என்று கொள்ள வேண்டாம்.

ஆனால் வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் சொன்ன கருத்துத்தான் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. சிந்துவெளி நாகரிகத்தை ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924 செப்டம்பர் 20. சரியாக நூறாண்டு கழித்து அது செல்போனில் சுடும் ஆட்டமாக வந்திருக்கிறது. அந்த எழுத்தைப் படித்துச் சொல்வோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். அந்த எழுத்தின் குறிகளைப் போன்ற கீறல்கள் கொண்ட பானை ஓடுகள் கிடைத்த கீழடியோ நம் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. "அவங்க சிந்துவை விண்வெளிக்குக் கொண்டுபோயிட்டாங்க. நம்ம வைகையை யாரு கொண்டுபோவா?" என்று கேட்டார் அவர். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போனபோது அங்கே பகடையும் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் இருந்தன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இந்த ஆற்றங்கரையில் யாரோ வேலையை விட்டுவிட்டு ஆடியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நிம்மதி.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் நால்வர் அணியில் ஒருவன் பூ மார்க்கெட்டில் வேலை செய்துகொண்டே படிப்பவன். மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை என்று பொருள். இன்று மாடு இல்லை, 1999 முதல் பேருந்து நிலையமும், அருகில் பூச்சந்தையும் உண்டு. விடியுமுன்பே அவன் சிப்பம் இறக்கி, எடை போட்டு, பிறகு அங்கேயே முகம் கழுவிக்கொண்டு பேருந்துக்கு வருவான். அவன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நண்பன் என்றே குறிப்பிடுகிறேன். எந்த ஆட்டத்தை ஆடினாலும் அவன்தான் முதலில் சாவான். செத்தவுடன், "டேய், நாந்தாண்டா மொதல்ல சுட்டேன்!" என்பான். ஒருநாள், இருநாள் அன்று, நாள்தோறும். நாங்கள் சிரிப்போம். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு அணி சேர்த்தபோது அவனை விட்டுவிட்டு வேறொருவனைச் சேர்க்கலாம் என்று முன்மொழிந்தவனே நான்தான். "மாப்ள, நீயுமாடா?" என்று மட்டும் கேட்டான். அந்த வாரம் அவன் வேறு பேருந்தில் போனான்.

பின்பு ஒரு மாலை, ஆய்வகத்தில் அலைவு நேரத்தை அளந்துகொண்டிருந்தபோது, அவன் சொல்வது ஏன் உண்மையாக இருக்கக் கூடாது என்று தோன்றிற்று.

இவ்வகை ஆட்டத்தில் இரண்டு வீரர்கள் நேருக்கு நேர் மோதுவதே இல்லை. இருவரும் தத்தம் செய்கையைத் தொலைவிலுள்ள ஒரு பெருங்கணிப்பொறிக்கு அனுப்புகிறார்கள். சர்வர் எனப்படும் அதுவே யார் செத்தார் என்று தீர்ப்புச் சொல்கிறது. பூச்சந்தையை நினைத்துப் பாருங்கள். திருமங்கலத்து விவசாயி செல்போனில் கேட்ட மல்லிகை விலை ஆறு மணி விலை. அவர் பூவோடு வந்து சேரும்போது கமிஷன் கடையில் எட்டு மணி விலை நடக்கிறது. அவர் கேட்டதும் பொய்யன்று, கடைக்காரர் சொல்வதும் பொய்யன்று. இடையில் சென்ற காலம்தான் வேறுபாடு. முகூர்த்த நாளில் இந்த வேறுபாடு கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் போகும்.

ஆட்டத்திலும் அதுவே. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சர்வர் பம்பாயில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 1,160 கிலோமீட்டர். போய்வர ஒளிக்கு மட்டும் 12 மில்லி விநாடி வேண்டும். இதற்குக் கீழே யாராலும் குறைக்க முடியாது. இது இயற்கையின் சட்டம். ஆனால் கம்பி நேர்கோட்டில் போவதில்லை. வழியில் பல சந்திப்புகள். கோபுரத்துக்கும் செல்போனுக்கும் இடையே காற்றுவழி வேறு. என் திரையில் இந்தப் போக்குவரத்து நேரம் 50 மில்லி விநாடியை ஒட்டிக் காட்டும். பூச்சந்தைக் கூரைக்கடியில் அவன் திரையில் 140க்கு மேல் காட்டியதை நானே பார்த்தேன்.

இதோடு முடியவில்லை. நல்ல செல்போன் விநாடிக்கு 60 படம் வரையும். ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லி விநாடி. அவனுடையது நாலாண்டுப் பழையது. பத்து நிமிடம் ஆடினால் கை சுடும். சூடேறினால் உள்ளிருக்கும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. 60 படம் 30 ஆகிறது, சில நேரம் அதற்கும் கீழே. அதாவது எதிரி வந்து நின்ற செய்தி அவன் கண்ணுக்கு வருவதே பிந்தி வருகிறது. சித்திரை வெயிலில் மதுரையில் 40 டிகிரி. தகரக் கூரைக்கடியில் கேட்க வேண்டியதில்லை. 1978இல் பொறியின் மந்தம் ஆட்டத்துக்கு அழகு சேர்த்தது என்றேனே, அது எல்லாரும் ஒரே பொறியில் ஆடிய காலம். இன்று மந்தம் ஒருவனுக்கு மட்டும் வருகிறது.

மனிதன் கண்டு, உணர்ந்து, விரலை அசைக்க ஏறத்தாழ 200 முதல் 250 மில்லி விநாடி ஆகும். இருவர் திறமையில் 30, 40 மில்லி விநாடி வேறுபாடு இருந்தாலே பெரிது. அவனோ ஒவ்வொரு மோதலிலும் 100க்கு மேல் பின்தங்கித் தொடங்கியிருக்கிறான். நாங்கள் அதைக் கைத்திறன் என்று எண்ணினோம்.

ஆட்டம் செய்வோர் இதை அறியாதவர்கள் அல்லர். 'ஹாஃப்-லைஃப்' ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனத்துப் பொறியாளர் யான் பெர்னியர் 2001இலேயே இதற்கொரு வழியை விளக்கி எழுதினார். ஒருவன் சுட்ட செய்தி வந்ததும் சர்வர் காலத்தைச் சிறிது பின்னோக்கிச் சுழற்றி, அவன் சுட்டபோது அவன் திரையில் எதிரி எங்கே இருந்தான் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லும். நியாயம்தான். ஆனால் எதிரியின் நிலையிலிருந்து பாருங்கள். அவன் அதற்குள் சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துவிட்டான். ஒளிந்த பிறகு சாகிறான்! "செவுத்துக்குப் பின்னாடி வந்துட்டேன், அப்புறமும் எப்படிடா செத்தேன்?" என்று நாம் நாள்தோறும் கேட்கும் அந்த ஓலத்துக்கு இதுவே விளக்கம். ஒருவனுக்குச் செய்த நியாயத்தின் விலையை இன்னொருவன் கொடுக்கிறான். இதை எங்கள் பேராசிரியரிடம் சொல்லி, "ஐயா, ஒரே நேரம் என்பதே இல்லையென்று ஐன்ஸ்டைன் சொன்னது இதைத்தானே?" என்று கேட்டேன். "அது ஐன்ஸ்டைன் இல்லப்பா. தபால் லேட்டு" என்றார். சரிதான்.

மற்றக் கருத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காசு கொடுத்து வாங்கும் பளபளப்பு உடைகள் வெற்றியைத் தருமா என்ற சண்டை எப்போதும் உண்டு. உடை அழகுக்கு மட்டும் என்றால் எனக்கு மறுப்பில்லை, வாங்க எனக்குக் காசும் இல்லை. பெற்றோர் பலர் இதையும் ரம்மியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் எடுக்கும் இணைய ஆட்டங்களை. எங்கள் ஆட்டத்தில் போவது பணமன்று, தூக்கம். அது குறைந்த இழப்பு என்று நான் வாதாடவில்லை.

சோதனைக்கு வருவோம். ஒரு ஞாயிறு மாலை நான் அவனைத் தேடிப் பூச்சந்தைக்கே போனேன். "உன் போனைக் குடு, என் போன்ல நீ ஆடு" என்றேன். முதலில் மறுத்தான். பிறகு பேருந்து நிலையத்தின் திறந்த பக்கம் வந்து உட்கார்ந்தோம். நாலு ஆட்டம் ஆடினோம். நாலிலும் நான்தான் முதலில் செத்தேன். மூன்றாவது ஆட்டத்தில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, "டேய், நாந்தாண்டா மொதல்ல சுட்டேன்!" என்று நானே கத்தினேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எழுத எனக்குத் தமிழ் போதாது. நாலு ஆட்டம் ஓர் ஆய்வு ஆகாது என்பதை அறிவேன். செய்முறைத் தேர்வில் இதைக் காட்டினால் மதிப்பெண் கிடைக்காது. ஆயினும் அவன் என்னைவிட வேகமானவன் என்பதில் எனக்கு ஐயமில்லை.

போட்டிக்கு அவனைத் திரும்ப அழைத்தேன். அதிகாலைச் சரக்கு வரும் நாள், வர இயலாது என்று சொல்லிவிட்டான். கோபம் அதில் எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

இக்கட்டுரையை இதழ்க்குழுவிடம் தருமுன் அவனுக்குப் படித்துக் காட்டினேன். மல்லிகை விலை எட்டு மணிக்கு ஏறும் என்று எழுதியிருந்தாயா, இறங்கும் என்று எழுதியிருந்தாயா என்று கேட்டான். எதையும் எழுதவில்லை, வேறுபடும் என்று மட்டுமே எழுதினேன் என்றேன். "அப்போ சரி" என்றான். "அந்த நாலு ஆட்டத்தையும் எடுத்துடாத."