நோபெல் பதக்கம்: இயற்பியல், வேதியியல்

தங்கம். விட்டம் 66 மி.மீ. வடிவமைப்பு: எரிக் லிண்ட்பெர்க், சுவீடன்.

முன்பக்கத்தில் ஆல்ஃபிரட் நோபெல். பின்பக்கத்தில் மேகங்களிடையே எழும் இயற்கைத் தேவி. அவள் முகத்திரையை விலக்கிப் பார்க்கும் பெண்ணுருவம் அறிவியல். இரு துறைகளுக்கும் இதே வடிவம்தான். பெறுபவரின் பெயர் கீழே பொறிக்கப்படும்.

அந்தப் பெயரே ஒருமுறை ஆபத்தானது. ஜெர்மானிய இயற்பியலாளர்கள் மேக்ஸ் வான் லாவ், ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகியோரின் பதக்கங்கள் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்தன. நாஜி ஜெர்மனியிலிருந்து தங்கத்தை வெளியே அனுப்புவது கடுங்குற்றம். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நகருக்குள் நுழைந்ததும், வேதியியலாளர் ஹெவெசி இரண்டையும் இராஜ திராவகத்தில் கரைத்துவிட்டார். தங்கம் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. வேலை நெடுநேரம் இழுத்தது. ஆய்வகத்தைச் சோதனையிட்டவர்கள் அந்தத் திராவகத்தைப் பொருட்படுத்தவில்லை. போருக்குப் பின் அதிலிருந்து பிரித்த தங்கத்தில் நோபெல் அறக்கட்டளை பதக்கங்களை மீண்டும் செய்து வழங்கியது.