குறையுள்ள சனநாயகத்தில் நம்பிக்கையைக் காப்பது எப்படி?

“இராமன் ஆண்டாலென்ன, இராவணன் ஆண்டாலென்ன, எங்கள் காணி எங்களுக்கு வரவா போகிறது?” இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் மத்தியில் இந்தப் பேச்சு அடிக்கடி எழுகின்றது. இதைச் சொல்பவர்களைக் குறை கூற எமக்கு மனமில்லை. வாக்குச் சீட்டில் எத்தனையோ தடவை புள்ளடி இட்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி கேட்டவர்கள். தம் வயலை முள்வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். விரக்தி அவர்களுக்கு அனுபவத்தால் வந்தது.

ஆயினும் இந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடவும் எம்மால் முடியாது. “ஒன்றும் மாறாது” என்று ஒரு கிராமம் முடிவு செய்துவிட்டால், அதன்பின் அங்கே விண்ணப்பம் எழுதப்படுவதில்லை. கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை. காணியின் எல்லைக் கல் எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நின்றுவிடும். அப்போது காணி இரண்டாம் முறையும் பறிபோகின்றது. எனவே குறைகள் மலிந்த ஓர் ஆட்சிமுறைக்குள் வாழ்ந்துகொண்டு, ஏமாளிகளாகாமல், நம்பிக்கையையும் இழக்காமல் இருப்பது எப்படி என்று இக்கட்டுரையில் ஆராய்வோம்.

குறைகளை மறைக்கத் தேவையில்லை

முதலில் உண்மையை உள்ளபடி பேசுவோம். ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை 1931ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் கிடைத்துவிட்டது. ஆசியாவில் இது முன்னோடியான நிகழ்வு. ஆனால் வாக்குரிமை இருந்தும் அநீதிகள் நடந்தன. 1982 டிசம்பர் 22ஆம் திகதி ஒரு சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் காலம் மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டப்பட்டது. அதனால் 1977இன் பின் 1989 வரை பொதுத் தேர்தலே நடக்கவில்லை. 1979இல் தற்காலிகமானது என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. அச்சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுக் கணக்கில் அடுத்த தேர்தல் வைக்கப்படவில்லை.

பெரும்பான்மை வாக்கினால் ஆட்சி அமைவது சனநாயகத்தின் ஒரு பாதி மாத்திரமே. எண்ணிக்கையில் குறைந்தவர்களின் உரிமையைச் சட்டம் காப்பது மற்றைய பாதி. எமது நாட்டில் முதற்பாதி பெரும்பாலும் இயங்கியது. இரண்டாம் பாதி அடிக்கடி முறிந்துபோனது. நாம் அனுபவிக்கும் துன்பத்தின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

ஐம்பத்தைந்து ஆண்டுகள்

இவ்வளவு குறையுள்ள அமைப்பில் எதையாவது திருத்த முடிந்ததா? மலையக மக்களின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகின்றது. வன்னியில் குடியேறி, எம்மோடு சேர்ந்து இடம்பெயர்ந்த குடும்பங்களில் பல மலையகத்திலிருந்து வந்தவை என்பதால் இது எமது வரலாறுந்தான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த உடன்படிக்கை அம்மக்களைக் கேளாமலேயே அவர்களைப் பங்கிட்டது. பலர் கப்பலேறிப் போயினர். எஞ்சியவர்கள் தொழிற்சங்கங்களின் ஊடாகப் போராடிக்கொண்டே இருந்தனர். 1986 சனவரியில் தோட்டங்களில் காலை வேளைகளில் வேலைக்கு இறங்காமல் பிரார்த்தனை இயக்கம் நடத்தினர். அவ்வாண்டிலேயே நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் ஒன்று வந்தது. 1988இல் இன்னொன்று வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் நாடற்றவர் என்ற நிலை சட்டத்தில் முடிவுக்கு வந்தது.

1948இலிருந்து 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் முடிவைக் காணவில்லை. அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி இதனால் நியாயமாகிவிடாது. காணியும் வீடும் கேட்டு இன்றும் அவர்கள் போராட வேண்டியுள்ளது. ஆயினும் நடுவிலே ஒரு தலைமுறை “இனி ஆகாது” என்று கைவிட்டிருந்தால், கேட்பதற்கே ஆளில்லாமல் போயிருக்கும்.

ஏறுவதும் இறங்குவதும்

சட்டத்தில் வெற்றி பெற்றுவிட்டால் அது நிலைக்கும் என்று எண்ணுவதும் தவறு. அரசியலமைப்பின் திருத்தங்களைப் பாருங்கள். 2001இல் வந்த 17ஆவது திருத்தம் சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு வழி செய்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதைக் குலைத்தது. 2015இல் 19ஆவது திருத்தம் மீண்டும் கட்டியெழுப்பியது. 2020இல் 20ஆவது திருத்தம் மீண்டும் இடித்தது. 2022இல் மக்கள் எழுச்சியின் பின் வந்த 21ஆவது திருத்தம் பெரும்பகுதியை மீட்டது.

இதைப் பார்த்து “எல்லாம் வீண் வேலை” என்று சொல்லலாம். ஆனால் இடையில் நடந்தவற்றையும் கவனிக்க வேண்டும். 2018 நவம்பரில் பாராளுமன்றம் காலத்துக்கு முன்பே கலைக்கப்பட்டபோது, அது சட்டவிரோதம் என்று டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 19ஆவது திருத்தம் அதற்கு ஆதாரமாயிற்று. 2023இல் உள்ளூராட்சித் தேர்தல் நடத்தப்படாமல் விடப்பட்டது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதி அத்தேர்தல் நடந்தது.

குளக்கட்டில் உடைப்பு எடுக்கும்போது குளத்தையே கைவிட்டுப் போகிறவன் கமக்காரன் அல்லன். மண் போட்டு அடைக்கின்றான். அடுத்த மாரியில் வேறோர் இடத்தில் கசியும் என்பதும் அவனுக்குத் தெரியும். கட்டு என்றும் உடையாது என்று நம்பி அவன் மண் சுமப்பதில்லை. கட்டைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் காலபோகமே இல்லை என்று அறிந்துதான் சுமக்கின்றான். அரசியலிலும் இந்தக் காவலும் பராமரிப்பும் வேண்டும்.

காணி திரும்பிய இடங்கள்

எமக்கு நெருக்கமான உதாரணங்களும் உண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தில் கேப்பாப்பிலவின் ஒரு பகுதியான பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரி 31ஆம் திகதி படைமுகாம் வாசலில் அமர்ந்தனர். பெண்களும் பிள்ளைகளும் இரவு பகலாக இருந்தனர். ஒரு மாதம் கழித்து, மார்ச் 1ஆம் திகதி அவர்களுடைய காணி விடுவிக்கப்பட்டது. 2007இல் வெளியேற்றப்பட்ட மன்னார் முள்ளிக்குளம் மக்கள் 2017 மார்ச் மாதத்தில் போராட்டம் தொடங்கினர். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் ஓராண்டுக்குக் கிட்டவாகக் கரையில் போராடிப் பார்த்தபின், 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடிகளுடன் படகேறித் தம் தீவில் இறங்கித் தங்கிவிட்டனர்.

அதேவேளை, கேப்பாப்பிலவின் ஏனைய குடும்பங்கள் அதே வீதியில் ஆண்டுக் கணக்கில் இருந்தும் முழுமையாகப் பெறவில்லை. முள்ளிக்குளத்திலும் மக்கள் கேட்ட அனைத்தும் கிடைக்கவில்லை. ஆகவே “போராடினால் நிச்சயம் கிடைக்கும்” என்று உங்களுக்கு வாக்குறுதி தர நாம் துணியமாட்டோம். திரும்பக் கிடைத்த இடங்களில் மக்கள் ஒன்றாக, அமைதியாக, நீண்ட காலம், உறுதிகளையும் அனுமதிப்பத்திரங்களையும் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்காட்டுகின்றோம்.

விழிப்பாயிருப்பது ஏன் அவசியம் என்பதை 2025இல் மீண்டும் கண்டோம். அவ்வாண்டு மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரப்படாவிட்டால் அவை அரச காணிகளாக்கப்படலாம் என்றது. உறுதி எரிந்துபோனவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எங்ஙனம் நிரூபிப்பது? மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்கும் தொடரப்பட்டது. யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை மீளப்பெற்றது. எவரும் வர்த்தமானியை வாசித்திராவிட்டால் அந்த மூன்று மாதம் ஓசையின்றிக் கழிந்திருக்கும்.

இலட்சியம் என்பது என்ன?

இவற்றிலிருந்து மூன்று தெளிவுகள் எமக்குக் கிடைக்கின்றன.

முதலாவது, நம்பிக்கையை ஆளிடம் வைக்கக்கூடாது. தலைவர் ஒருவரை மீட்பராக எண்ணி வாக்களிப்பவர் ஆறு மாதத்தில் கசந்துபோவார். தலைவர் நல்லவரோ அல்லவோ, அவரைக் கேள்வி கேட்கும் வழிகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதே முக்கியம்.

இரண்டாவது, இலக்கையும் காலத்தையும் பிரித்தறிய வேண்டும். “எல்லோரும் தம் காணிக்குத் திரும்ப வேண்டும்” என்பது இலக்கு. அதில் ஓர் அங்குலமும் குறைக்க வேண்டாம். ஆனால் இந்த ஆண்டு ஒரு வீதி திறக்கலாம், அடுத்த ஆண்டு இருபது குடும்பம் போகலாம். சிறு வெற்றியை ஏற்பது இலக்கை விற்பதாகாது. இருபது குடும்பம் போனதும் மற்றவர்களை மறப்பதுதான் விற்பது.

மூன்றாவது, மேலே கேட்கும் நீதியை எம்மிடையே முதலில் நடத்த வேண்டும். எமது கமக்காரர் அமைப்பில் கணக்கு வாசிக்கப்படுகின்றதா? பெண்கள் பதவி வகிக்கின்றார்களா? காணியே இல்லாதிருந்த கூலிக் குடும்பங்கள் மீள்குடியேற்றப் பட்டியலில் உண்டா? சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பகுதிக்கு வாய்க்கால் தண்ணீர் போகின்றதா? கிராமத்தில் சனநாயகம் பழகாதவர்களுக்கு நாட்டில் அதைக் கேட்கும் பலம் குறைவு.

கையிலுள்ள ஒரு கருவி

19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 20ஆவது திருத்தம் பலவற்றை இடித்தபோதும் இவ்வுரிமை தப்பியது.

பிரதேச செயலகம் உட்பட ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். “எமது கிராமத்தின் இன்ன காணித் துண்டு எந்தத் திணைக்களத்திடம் உள்ளது? எந்த வர்த்தமானியின்படி எடுக்கப்பட்டது?” என்று அவரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிக்கொள்வது அலுவலரின் கடமை. தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிடின் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுப்பதும் உண்டு. அப்படி மறுத்தாலும் அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். “காணி யாரிடம் என்று எமக்குத் தெரியாது” என்ற வாய்ப்பேச்சைவிட, ஒப்பமிட்ட மறுப்புக் கடிதம் மேன்முறையீட்டுக்கும் வழக்குக்கும் உதவும். ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் சங்கத்தின் கோவையில் வையுங்கள். இன்றைய செயலாளர் நாளை இல்லாதிருக்கலாம். கோவை இருந்தால் அடுத்தவர் தொடர்வார்.

விரக்தி மனிதருக்கு வருவது இயல்பு. வரும்போது அதைத் தனியே சுமக்காமல் கூட்டத்தில் பேசித் தீர்ப்போம். எதிர்பார்த்தது கிடைக்காத ஆண்டிலும் வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா என்று பார்ப்போம், கோவையில் ஒரு கடிதத்தைச் சேர்ப்போம், பிள்ளைகளுக்குக் காணியின் எல்லையைச் சொல்லிக்கொடுப்போம்.

கூட்டங்களில் கலந்துரையாட:

1. கடந்த பத்து ஆண்டுகளில் எமது கிராமம் அதிகாரிகளிடம் கேட்டுப் பெற்றவை எவை? பெறாதவை எவை? எங்ஙனம் கேட்டோம்?

2. எமது காணிகள் பற்றி எழுத்தில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் எவை? யார் எழுதுவது? எந்தத் திகதிக்குள்?

3. எமது சங்கத்தில் இதுவரை பேச இடம் கிடைக்காதவர்கள் யார்? அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைப்பவர் யார்?