விழுப்புண்ணும் காணாப் புண்ணும்

போரில் முகத்தினும் மார்பினும் ஏற்ற புண்ணை விழுப்புண் எனப் போற்றினர் பண்டைத் தமிழர். களத்தில் மாண்டவன் குடும்பத்துக்கு அளித்த நிலத்தை உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் கூறும். புண்ணும் சாவும் கண்ணாற் காணப்படுவன. ஆயின், படைப்பணியின்போது வந்த நோய்க்குச் சான்று யாது?

இவ்வினாவுக்கு விடை தருவது, இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்த்த தரம்வீர் சிங் வழக்கு. 1985இல் படையிற் சேர்ந்த அவர், வலிப்பு நோயால் 1994இல் விலக்கப்பட்டார். ஊனம் நூற்றுக்கு 20 என மதித்த மருத்துவக் குழு, நோய் பணியால் விளைந்ததன்று என்றது. ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது.

நீதிமன்றம் 1982ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்காட்டியது. சேரும்போது நோய்க்குறிப்பு எழுதப்படாவிடின், நலமாகவே சேர்ந்தார் எனக் கொள்ளவேண்டும். நோய் பணியால் வந்ததன்று என மெய்ப்பிப்பது படைத்துறையின் கடன். குழுவும் தன் முடிவுக்குக் காரணம் எழுதவேண்டும்.

ஆகவே, மேல்முறையீடு செய்வோர் முதற்கண் பெறவேண்டிய ஏடுகள் இரண்டு: சேர்க்கைக்கால மருத்துவக் குறிப்பு, விலக்கியபோது எழுதிய குழு அறிக்கை. துறைக் குழுக்கள் மறுத்தால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. அதன் அமர்வு சென்னையிலும் உள்ளது. 2023இல் புதிய விதிகள் வந்தமையால், அதன்பின் விலகுவோர் அவற்றையே நோக்குதல் வேண்டும்.

பினாங்கு ஆலைத் தொழிலாளிக்கும் இத்தகைய வழி உண்டு. மலேசியாவின் 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், மருத்துவக் குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டு மருத்துவக் குழுவை நாட இடந்தருகிறது. முதல் மறுப்பே முடிவன்று என்பதை மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆசிரியர் உணர்த்தல் நன்று.