பாட்டி சொல்லாத பதில்: நம் நோயைப் பற்றிய ஆய்வில் நமக்கு என்ன வேலை?

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்தில் இருக்கும் என் பாட்டி வீட்டுக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பாரம். சுகாதார ஆய்வுக்காக வந்திருப்பதாக மலாயில் சொன்னார்கள். விடுமுறைக்குப் போயிருந்த நான்தான் மொழிபெயர்த்தேன்.

"இனிப்பு நீர் மாத்திரையைத் தினமும் தவறாமல் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார்கள்.

"சாப்பிடுறேன்னு சொல்லும்மா" என்றார் பாட்டி. பாரத்தில் 'ஆம்' என்று குறித்துக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒரு மாத மாத்திரையைப் பாட்டி இரண்டு மாதத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். அரசாங்கக் கிளினிக்கில் மருந்துக்குச் செலவில்லை. ஆனால் அங்கே போய்வர வண்டி வேண்டும். மாமா ஒரு நாள் வேலையை விட வேண்டும். ஒரு நாள் சம்பளம் போகும்.

"ஏன் பாட்டி, இத அவங்ககிட்ட சொல்லல?"

"முன்னப்பின்ன தெரியாத புள்ளைங்ககிட்ட, வண்டிக்கு வழியில்லன்னு சொல்லச் சொல்றியா?"

அந்த ஆய்வின் கணக்கில் என் பாட்டி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும் நோயாளி. ஆய்வின் முடிவு என்ன என்பதும் எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் அல்ல. மக்களை வெறும் எண்ணிக்கையாகப் பார்க்கும் ஆய்வுக்கும், மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்யும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு பதிலில் இருக்கிறது.

எண்ணிக்கை சொல்வதும் சொல்லாததும்

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். நாடு முழுவதும் நோய் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

இந்தக் கணக்கு மிகவும் தேவையானது. எங்கே சுமை அதிகம் என்று அதுதான் காட்டுகிறது. ஆனால் காரணத்தை அது தனியாகச் சொல்லிவிடாது. இனிப்பைக் குறைக்காததாலா? இரவு ஷிஃப்ட் பாதுகாவலர் வேலையில் நேரத்துக்குச் சாப்பிட முடியாததாலா? கிளினிக்கில் சொல்லும் விளக்கம் புரியாததாலா? பாட்டியைப் போல வண்டி இல்லாததாலா? ஒவ்வொரு காரணத்துக்கும் தீர்வு வேறு. வண்டி இல்லாதவரிடம் இனிப்பைப் பற்றிய துண்டறிக்கையைக் கொடுத்துப் பயனில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளின் மண்ணீரல்

நம் முன்னோர் மருத்துவ ஆய்வுக்குப் புதியவர்கள் அல்லர். 1901இல் கிள்ளானிலும் இன்றைய கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் மலேரியாவை ஒடுக்கும் பணியைத் தொடங்கினார் டாக்டர் மால்கம் வாட்சன். பிறகு அவருடைய ஆய்வு ரப்பர் தோட்டங்களுக்கும் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு வீக்கம் என்பதை வைத்து, அந்தத் தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வடிகால் வெட்டியதாலும் எண்ணெய் தெளித்ததாலும் பல உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளின் தாய்மாரிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

இன்னொரு கதை நம் அடுக்களையில் தொடங்குகிறது. அதே காலத்தில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் கொன்றுகொண்டிருந்தது. தமிழர்களிடம் அது அரிதாகவே இருந்தது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், இந்த வேறுபாட்டை அவரவர் உண்ணும் அரிசியோடு சேர்த்துப் பார்த்தார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. 1905இல் டாக்டர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடம் நோய் பரவியது. சிலர் இறந்தும் போனார்கள். நெல்லைப் புழுக்கும்போது பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்பது பின்னாளில் தெளிவானது.

விடை சாதாரண மக்களின் சோற்றுப் பானையில் இருந்தது. ஆனால் சோதனைக்கு ஆளானவர்களுக்குச் சம்மதம் சொல்லவோ மறுக்கவோ வாய்ப்பு இல்லை. மக்களிடம் உள்ள அறிவும் வேண்டும், அவர்களின் உரிமையும் காக்கப்பட வேண்டும் என்பதை இந்தக் கதை நமக்குச் சொல்கிறது.

சேர்ந்து செய்வது என்றால் என்ன?

சமூகத்தைச் சேர்த்துக்கொண்டு செய்யும் ஆய்வில், மக்கள் வெறும் பதில் சொல்பவர்களாக மட்டும் இருப்பதில்லை. எதை ஆராய வேண்டும் என்பதிலேயே அவர்களுக்குப் பங்கு உண்டு. கேள்விகளை முதலில் அவர்களிடம் காட்டுவார்கள். புரியாததும் மனத்தைப் புண்படுத்துவதும் மாற்றப்படும். அந்த வட்டாரத்து ஆட்களே பயிற்சி பெற்று வீடு வீடாகப் போவார்கள். முடிவு முதலில் அந்த மக்களிடமே திரும்பி வரும். அடுத்து என்ன செய்வது என்பதையும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில், மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் 'சியாக்கோ' எனப்படும் தென்கிழக்காசிய சமூக ஆய்வுக் களத்தைத் தொடங்கியது. அம்மாவட்டத்தின் ஐந்து முக்கிம்களில் வாழும் பல்லாயிரம் மக்களின் உடல்நலத்தை நீண்டகாலம் தொடர்ந்து கவனிப்பது அதன் நோக்கம். மலாய்க்காரர், சீனர், இந்தியர், பூர்வகுடியினர் எல்லாரும் வாழும் பகுதி அது. தொடங்கும் முன்பே ஊர்த் தலைவர்களோடும் மக்களோடும் பேசினார்கள். தகவல் திரட்ட உள்ளூர் ஆட்களை வேலைக்கு எடுத்தார்கள். கண்டறிந்ததை மக்களிடம் திரும்பக் கொண்டுபோவதைத் தங்கள் பணியின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டார்கள்.

வாசலில் நிற்பவர் நம் ஊர்க்காரர், நம் மொழியில் பேசுபவர் என்றால், 'வண்டி இல்லை' என்று சொல்வது அவ்வளவு கூச்சமாக இருக்காது.

முடிவெட்டும் கடையில் ஒரு சோதனை

இதெல்லாம் பேச்சுக்கு நன்றாக இருக்கும், பலன் உண்டா என்று கேட்கலாம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. கறுப்பின ஆண்களிடம் இரத்தக் கொதிப்பு அதிகம்; பலர் மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் முடிவெட்டும் கடைக்கு மாதந்தோறும் போகிறார்கள், கடைக்காரரை நம்புகிறார்கள். எனவே 52 கடைகளில் 319 ஆண்களைச் சேர்த்து ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவுக் கடைகளுக்கு மருந்தாளரே வந்து இரத்த அழுத்தம் பார்த்து மருந்து கொடுத்தார். மற்றப் பிரிவில் கடைக்காரர், 'மருத்துவரைப் போய்ப் பாருங்கள்' என்று அறிவுரை மட்டும் சொன்னார்.

ஆறு மாதத்தில் முதல் பிரிவினரின் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. மற்றவர்களுக்கு 9 புள்ளிதான். அறிவுரை இரண்டு பக்கமும் இருந்தது. மக்கள் இருக்கும் இடத்துக்கே மருத்துவம் போனதுதான் வேறுபாடு.

கவனிக்க வேண்டியவை

ஆலயத் தலைவரையும் சங்கச் செயலாளரையும் மட்டும் கூப்பிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் அது சமூகப் பங்கேற்பு ஆகிவிடாது. கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள், வேலை முடிந்து இரவில்தான் வீடு திரும்பும் இளைஞர்கள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள் ஆகியோரின் குரலும் வேண்டும். இதற்கு நேரமும் பணமும் கூடுதலாகத் தேவை. அவசரமாக முடிக்க நினைக்கும் ஆய்வில் முதலில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஆய்வாளர்கள் வந்தால் கதவைச் சாத்திவிடாதீர்கள். நாம் பதில் சொல்லாவிட்டால் நம் நிலை கணக்கில் வராது. ஆனால் தயங்காமல் கேளுங்கள்:

• இந்த ஆய்வை நடத்துவது யார்? நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா?

• சம்மதப் பாரத்தைத் தமிழில் தருவீர்களா, அல்லது தமிழில் விளக்குவீர்களா?

• என் விவரங்களை யார் பார்ப்பார்கள்?

• முடிவை எங்கள் ஊருக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள்?

ஆய்வில் சேர மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் உங்கள் கிளினிக் சிகிச்சை பாதிக்கப்படக்கூடாது. யோசித்துச் சொல்ல நேரமும் கேட்கலாம்.

பாட்டியின் இடது காலில் இரண்டு விரல்கள் இப்போது இல்லை. புண் ஆறாமல் போய் மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். அன்று வந்த இளைஞர்கள் மீது எனக்குக் கோபமில்லை. கொடுத்த பாரத்தை அவர்கள் ஒழுங்காகத்தான் நிரப்பினார்கள். ஆனால் அந்தப் பாரத்தை எழுதும் முன் எங்கள் தோட்டத்தில் நாலு பேரைக் கேட்டிருந்தால், "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்பதோடு, "கிளினிக்குக் கடைசியாக எப்படிப் போனீர்கள்?" என்ற கேள்வியும் அதில் இருந்திருக்கும். அதற்குப் பாட்டி உண்மையைச் சொல்லியிருப்பார்.