கணக்கிட்ட பின் கட்டுக

சங்க உறுப்பினர்களின் கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன், "ஒரு வீடு கட்டி வாடகைக்கு விட்டால் என்ன?" என்னும் எண்ணம் எழுவது இயல்பே. சேமிப்பு நிதி கைக்கு வந்த நெசவாளருக்கும், மஞ்சள் நல்ல விலைக்குப் போன விவசாயிக்கும் இவ்வெண்ணம் ஒன்றுபோலவே தோன்றுகிறது. வயதானால் தறி மிதிக்கக் கால் ஓயும். மழை பொய்த்தால் வயல் காயும். வாடகையோ மாதம் தவறாமல் வரும் என்று அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்தை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் வருகின்ற வாடகை முழுவதும் வருமானம் என்று நம்பி இறங்குவதே பல குடும்பங்களின் இடர்ப்பாட்டுக்கு வித்தாகிறது.

ஒரு சேலைக்கு விலை கூறுமுன் பாவு, ஊடை, சரிகை, சாயம், கூலி ஆகிய அனைத்தையும் நெசவாளர் தனித்தனியே கணக்கிடுகிறார். விதை, உரம், ஆட்கூலி போக மிஞ்சுவதையே விவசாயி தம் பங்கு என்கிறார். வீட்டுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

விலைக்கு வாங்கும் வீடு

நகரில் 20 இலட்சம் ரூபாய்க்கு ஒரு சிறு வீடு வாங்குவதாகக் கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 முதல் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆகவே மேலும் 1,80,000 ரூபாய் சேர்ந்து, முதலீடு 21,80,000 ரூபாயாகிறது. வாடகை மாதம் 8,000 எனில் ஆண்டுக்கு 96,000 ரூபாய். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 8,000 குறையும். சொத்துவரி முதலியவற்றுக்கு 4,000, பழுதுபார்க்கவும் வெள்ளையடிக்கவும் 12,000 ஒதுக்கினால் எஞ்சுவது 72,000. அதாவது நூறு ரூபாய் முதலுக்கு ஆண்டுக்கு 3 ரூபாய் 30 காசு. அதே தொகையை 7 விழுக்காடு வட்டி தரும் வைப்பில் இட்டிருந்தால் 1,52,600 ரூபாய் கிடைத்திருக்கும்.

மனையின் மதிப்பு உயரும் என்று சிலர் கூறுவர். உயரக்கூடும். எனினும் அவ்வுயர்வு விற்கும் நாளில்தான் கைக்கு வரும். இம்மாத அரிசிக்கு அது உதவாது. ஆகவே விளைநிலத்தை விற்று, வாடகையை மட்டும் நம்பி நகரில் வீடு வாங்க நினைப்போர் ஒரு முறைக்கு இருமுறை சிந்திக்க வேண்டும்.

சொந்த மனையில் கட்டும் பகுதி

மனை ஏற்கெனவே இருக்க, அதில் 8 இலட்சம் செலவில் ஒரு குடித்தனப் பகுதி கட்டுவது வேறு கணக்கு. வாடகை 6,000 எனில் ஆண்டுக்கு 72,000. காலி மாதத்துக்கு 6,000, வரிக்கு 2,000, பழுதுக்கு 10,000 போக 54,000 நிற்கும். இது 6¾ விழுக்காடு. வைப்பு வட்டிக்கு ஏறக்குறைய ஒப்பாகும். ஆனால் செலவில் பாதியான 4 இலட்சத்தை 9 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் வாங்கினால், முதல் ஆண்டு வட்டியே ஏறத்தாழ 36,000 ஆகிவிடும். மீதி 18,000 ரூபாயில் அசலையும் அடைத்துவிட இயலாது. அது தறிக்கூலியிலிருந்தோ விளைச்சலிலிருந்தோதான் வரவேண்டும். அவ்வாறு தர இயலுமா என்று பார்த்த பின்னரே கடன் மனுவில் கையொப்பமிடுக.

ஒத்திப் பணம் யாருடையது?

மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வீட்டை விடும் ஒத்தி முறை நம் ஊர்களில் பரவலாக உள்ளது. இதுபற்றி நாம் வற்புறுத்திக் கூற விரும்புவது ஒன்று உண்டு. ஒத்திப் பணம் வரவன்று, கடன். மகளின் திருமணத்துக்கு 5 இலட்சம் ஒத்தி வாங்கிச் செலவிட்டவர், கெடு முடிந்த நாளில் என்ன செய்வார்? அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால் ஒருவாறு சமாளிப்பார். கிடைக்காவிடில் வீட்டையே அடமானம் வைக்க நேரும். கொடுத்தவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற உழைப்பாளியே. அவருடைய ஆயுட்காலச் சேமிப்பும் அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

அத்தொகையை வைப்பில் இட்டு வட்டியை மட்டும் எடுத்தால், 7 விழுக்காட்டில் ஆண்டுக்கு 35,000 கிடைக்கும். 6,000 ரூபாய் வாடகை பெறக்கூடிய வீட்டுக்கு இது நட்டமேயாகும். 18 விழுக்காட்டுக் கடனொன்றை அடைப்பதற்காக ஒத்தி வாங்குவது மட்டும் ஓரளவு நியாயமானது. ஏனெனில் ஆண்டுக்கு 90,000 ரூபாய் வட்டி மிச்சமாகிறது. அவ்வாறு மிஞ்சுவதை மாதந்தோறும் தொடர் வைப்பில் கட்டிவந்தால்தான் கெடு நாளில் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

எழுத்தில் இருக்கட்டும்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாடகை ஆணையத்திடம் பதிவும் பெறுதல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. பத்து மாத முன்பணம் கேட்கும் வழக்கத்துக்குப் பழகியவர்கள் இதை நினைவில் கொள்க. சுவர், கூரை முதலியவற்றின் பழுது உரிமையாளர் பொறுப்பு. குழாய், சுவிட்சு போன்ற சில்லறைப் பழுது குடியிருப்பவர் பொறுப்பு. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டத்துக்கு மாறான செயல். வாடகைக்குத் தவறாமல் இரசீது கொடுங்கள். நம் உறுப்பினர்களில் வாடகை வீட்டில் தறி போட்டிருப்போரும் உள்ளனர் அன்றோ? அவர்கள் இரசீதைக் கேட்டுப் பெறுக.

வீடு வாங்குவோர் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் பார்க்காமல் முன்பணம் தரலாகாது.

தறிக்கு இடம் வேண்டாமா?

வாடகை ஆசையால் தறிக் கூடத்தைத் தடுத்து அறையாக்குவோரைக் காணும்போது நாம் வருந்துகிறோம். தறிக்குழியை மூடிவிட்டால், மாதம் சில ஆயிரம் வாடகைக்காக அந்தத் தறியின் கூலி முழுவதும் போய்விடுகிறது. பிள்ளைக்குத் தொழில் பழக்கும் இடமும் போய்விடுகிறது. களத்தையும் கிடங்கையும் விடும் விவசாயிக்கும் இது பொருந்தும். தறிக்கும் பம்புசெட்டுக்கும் அரசு கட்டணமின்றி அளிக்கும் மின்சாரத்தைக் குடித்தனப் பகுதிக்கு இழுத்துக் கொடுத்தல் விதிமீறல். வாடகைப் பகுதிக்குத் தனி இணைப்பே பெறுக.

தொழிற்சாலையை ஒட்டிய ஊர்களில் அறைகள் கட்டுவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. 2014இல் திருப்பெரும்புதூரில் ஒரு பெரிய கைப்பேசித் தொழிற்சாலை மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2020 ஊரடங்கின்போது, இடம்பெயர்ந்த தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாது என்று மத்திய அரசே ஆணையிட்டது. ஒரே ஆலையின் தொழிலாளரை நம்பிப் பத்து அறை கட்டுவது, ஒரே வியாபாரியை நம்பிப் பத்துத் தறி போடுவதற்கு நிகராகும்.

ஆகவே உறுப்பினர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுவே. வாடகைக்கென ஒரு தனிக் கணக்குப் புத்தகம் வையுங்கள். வாடகை வந்த அன்றே அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, பழுதுக்கும் காலி மாதத்துக்கும் என்று வங்கியில் போட்டுவிடுங்கள். முன்பணத்தைத் தொடாதீர்கள்; அது குடியிருப்பவர் உங்களிடம் ஒப்படைத்த பொருள். இவ்வளவும் போக எஞ்சுவதே உங்கள் வாடகை. அத்தொகை உங்களுக்கு நிறைவளிக்குமானால் அஞ்சாமல் கட்டுங்கள்; அளிக்காவிடில் பணத்தை வைப்பிலேயே விட்டுவைத்து, தறியையும் வயலையும் பேணுங்கள்.