ஈயம் உருக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறதா?

கோடையில் குளங்கள் வற்றத் தொடங்கியதும் கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் வீச்சு வலைகளைச் செப்பம் பார்ப்பார்கள். குண்டு உதிர்ந்த இடத்துக்குப் புதுக் குண்டு வேண்டும். பழைய பேட்டரியை உடைத்து எடுத்த ஈயத்தைக் கொல்லையில் இரும்புச் சட்டியில் உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். பிறகு வரும் வயிற்றுவலியை யாரும் இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அதனால்தான் மருத்துவரிடம் வரத் தாமதமாகிறது.

வாயு இல்லை, ஐயா

வயிற்றை முறுக்கும் வலி, மலச்சிக்கல், காரணமில்லாத அசதி, ரத்தசோகை. இவை ஈய நஞ்சின் அறிகுறிகளாக இருக்கலாம். நம் ஆட்களோ சோடா குடிக்கிறார்கள், விளக்கெண்ணெய் குடிக்கிறார்கள், குடல் ஏறிவிட்டது என்று வயிற்றைத் தடவிக்கொள்கிறார்கள். மெடிக்கலில் பெயர் தெரியாத மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கிவிட்டு, கிழிந்த அட்டையைக் கொண்டுவந்து நீட்டினால் எந்த மருத்துவர்தான் என்ன செய்வார்?

“வெல்லம் தின்றால் இறங்கிவிடும்”

இறங்காது. வெல்லமும் வாழைப்பழமும் மோரும் கொத்தமல்லிச் சாறும் உடம்பில் ஏறிய ஈயத்தை வெளியேற்றுவதில்லை. மூக்கில் கட்டும் துண்டு ஈயப் புகையைத் தடுப்பதில்லை. ஈயம் சுமார் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அடுப்பை ஊதி ஊதிச் சூடு கூட்டும்போது கண்ணுக்குத் தெரியாத புகை அதிகமாகிறது.

“பாட்டி ஈயச் சொம்பில்தானே ரசம் வைத்தாள்?” என்பார்கள். அந்தச் சொம்பு வெள்ளீயம். பேட்டரியில் இருப்பது காரீயம், நஞ்சு.

“வருஷத்துக்கு ஒருநாள்தானே” என்பது இன்னொரு சமாதானம். ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும், பல ஆண்டுகள் இருக்கும். பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் எலும்பிலிருந்து கிளம்பி வயிற்றுப் பிள்ளையையும் சேரும்.

கொல்லையில் கொட்டிய கசடு

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படியும் கசடைக் கரண்டியால் வழித்து மரத்தடியில் தட்டிவிடுகிறார்கள். கோழி கிளறுகிறது. தவழும் பிள்ளை அந்த மண்ணை அளைந்த கையை வாயில் வைக்கிறது. விழுங்கும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். செனகல் நாட்டின் தியாரோய் சுர் மெர் பகுதியில் பழைய பேட்டரி ஈயம் கலந்த மண்ணாலும் தூசியாலும் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். பிழைக்கும் பிள்ளைக்கும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு பெரும்பாலும் திரும்புவதில்லை.

சோதனை

ரத்தத்தில் ஈய அளவு பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

வீட்டில் உருக்காதீர்கள். வலைக்கு இரும்புச் சங்கிலியும் தூண்டிலுக்கு இரும்பு நட்டும் போதும். பிரிட்டனில் தூண்டிலுக்கான பெரும்பாலான ஈயக் குண்டுகளின் விற்பனையை 1987-லேயே தடை செய்துவிட்டார்கள், அங்கே மீன்பிடிப்பு நின்றுவிடவில்லை. பழைய பேட்டரியை உடைக்காமல் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். குண்டைப் பல்லால் கடித்து அமுக்காதீர்கள். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். உருக்கிய சட்டியைத் தயவுசெய்து சமையலுக்கு எடுக்காதீர்கள். கொட்டிய கசடைப் பெருக்கித் தூசி கிளப்பாமல், நனைத்து அள்ளுங்கள்.

ஏற்கெனவே உருக்கியிருந்தால் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஈயம் உருக்கினோம் என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள்.