பழைய இறுவட்டை எறிந்துவிடாதீர்கள்

2004 இல் கிளிநொச்சியில் எங்கள் திருமணம் நடந்தது. வீடியோவை மூன்று வீசிடி இறுவட்டுகளாகத் தந்தார்கள். ஒரு பிரதியைச் சாவகச்சேரியில் இருந்த பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்தேன். எங்களிடம் இருந்தவை 2009 இல், இடம்பெயர்ந்த பாதையில் எங்கோ போயின. அந்த மே மாதத்தின் பின் என் கணவரைப் பற்றிய தகவலும் இல்லை. அப்போது மகனுக்கு இரண்டு வயது.

2018 இல் பெரியம்மா தன் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அந்த இறுவட்டுகளைக் கண்டெடுத்தார். "பிள்ளை, இது உன்ரை சாமான், கொண்டு போ" என்று தந்தார். மகன் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, அப்பா கதைக்கிறது இதிலை கேக்குமோ?"

வீட்டில் இருந்த டிவிடி பிளேயர் இறுவட்டையே ஏற்கவில்லை. திருத்தும் கடையில் கொடுத்தேன். "இது செத்துப்போச்சு அக்கா, எறியுங்கோ" என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. என் அப்பா வானொலி திருத்துபவர். "முதலில் எது பழுதில்லை என்று பார்" என்பார். அதன்படியே தொடங்கினேன்.

பிளேயரா, இறுவட்டா?

அச்சடித்த படங்கள் எங்கள் டிவிடி பிளேயரில் ஓடின. பதிவுசெய்த இறுவட்டுகள் எதுவும் ஓடவில்லை. சில பழைய டிவிடி பிளேயர்களின் சிவப்பு ஒளியால் பதிவுசெய்த வீசிடியை வாசிக்க முடியாது என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆகவே பெரியம்மாவின் பழைய வீசிடி பிளேயரையே வாங்கி வந்து, எங்கள் சிறிய ரிவியில் மஞ்சள் வயரைப் படத்துக்கும், வெள்ளை, சிவப்பு வயர்களை ஒலிக்கும் செருகினேன்.

படம் நிறமின்றி மேலும் கீழும் உருண்டது. இது இறுவட்டின் பழுதல்ல. எங்கள் நாட்டு ரிவிகள் பால் முறையைச் சேர்ந்தவை. பிளேயர் என்ரிஎஸ்சி முறையில் நின்றால் இப்படி ஆகும். றிமோற்றில் பி/என் என்றிருந்த பொத்தானை அழுத்தினேன். நிறம் வந்தது, படமும் நின்றது. படம் மினுங்கி மினுங்கி மறைந்தால் மட்டும் வயரையும் செருகியையும் பாருங்கள்.

ஆனால் படம் இப்போது கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. இது வாசிப்புப் பழுது. ஒரு சினிமாப் பட இறுவட்டைப் போட்டேன், அதுவும் உடைந்தது. ஆகவே குறை பிளேயரின் கண்ணாடி வில்லையில். மின் செருகியைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். மருந்துக்கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் அல்ககோலில் காதுப்பஞ்சை இலேசாக நனைத்து, வில்லையை அழுத்தாமல் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். மூடி திறந்திருக்கையில் பிளேயரை ஓடவிட்டு உள்ளே பார்க்காதீர்கள். லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு.

சினிமாப் படம் தெளிந்தது. எங்கள் திருமணம் இடையிடையே உடைந்தது. இனிக் குறை இறுவட்டில்தான்.

துடைக்கும் முறை

இளஞ்சூட்டு நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் வட்டப் பாதையில்தான் பதிந்திருக்கிறது. அதே வழியில் கீறல் விழுந்தால் நீளமாக ஒரு பகுதி போய்விடும். குறுக்குக் கீறலைப் பிளேயர் ஓரளவு சமாளிக்கும். மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் வேண்டாம், பிளாஸ்ரிக் மங்கிவிடும். பெயர் எழுதும் மேற்பக்கம்தான் அதிகம் பலவீனமானது. பதிவு அதற்குச் சற்றுக் கீழே இருப்பதால் அங்கே பேனாவால் அழுத்தி எழுதவோ, ஒட்டியதை உரிக்கவோ கூடாது. அந்தப் பூச்சு உரியத் தொடங்கியிருந்தால் கழுவாமல் முதலில் பிரதி எடுங்கள்.

பெரிய ரிவியில் படம் கலங்கலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். வீசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள்தான். சிறிய திரையே அதற்கு நல்லது. ஆட்கள் அகலமாகத் தெரிந்தால் திரை அளவை 4:3 என மாற்றுங்கள்.

உடனே பிரதி எடுங்கள்

படம் ஓடியதும் திரும்பத் திரும்பப் பார்க்க ஆசை வரும். அதற்கு முன் கணினியில் ஏற்றிவிடுங்கள். இறுவட்டுக்குள் எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் உள்ள டாட் கோப்புகளே படம். அவற்றை விஎல்சி மென்பொருளில் பார்க்கலாம். ஒரு பிரதி உங்களிடமும், இன்னொன்று வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். பெரியம்மா வீட்டில் இருந்ததால்தான் எங்களுடையது தப்பியது.

இரண்டாவது இறுவட்டில், மண்டபத்து வாசலில் மழை. யாரையோ பார்த்து, "குடை எங்கை? அம்மம்மா நனையிறா" என்கிறார் என் கணவர். அவ்வளவுதான். மகன் அதைத் திரும்பப் போடச் சொன்னான். பிறகு, "என்ரை குரல் மாதிரியோ அம்மா?" என்று கேட்டான். "கொஞ்சம் பொறு, வளர வரும்" என்றேன்.

மூன்றாவது இறுவட்டில் சில நிமிடங்கள் இன்றுவரை ஓடவில்லை. மீதி எல்லாம் இருக்கிறது. சகோதரிகளே, உங்கள் பெட்டியிலும் அப்படியொன்று கிடக்கலாம். ஒருவர் "செத்துப்போச்சு" என்று சொன்னதற்காக அதை எறிந்துவிடாதீர்கள்.